ஒன்பது சதவீதத்தைத் தேடி பெல்ஜியத்தில்

வியாழன், பிரஸ்ஸல்ஸ்

சாதாரண லாகர் பீரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெல்ஜியத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது. பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி, 9 சதவீதம் என்று அச்சடித்த பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கோப்பையை முக்கால் மணி நேரமாகக் குடிக்கிறார். கை நடுங்கவில்லை, கட்டங்களும் நிரம்பிக்கொண்டே வருகின்றன.

'பெல்ஜிய பாணி ஸ்ட்ராங் ஏல்' (ஏல் என்பது லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகை) என்ற பெயரில் பல நாட்டுச் சிறு கிராஃப்ட் ஆலைகள் காய்ச்சும் பீரை அங்கங்கே ருசித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் முதல் வாயிலேயே ஆல்கஹால் தொண்டையைச் சுடும். இனிப்பு பல்லில் ஒட்டும். இரண்டாவது கோப்பை கேட்கத் தோன்றாது. இந்தப் பாணியின் தாய்வீட்டில் அது எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றே கிளம்பினேன். வழித்துணை என் மனைவியின் தம்பி. லூவனில் வேலை பார்க்கிறான், பிளெமிஷ் பேசுகிறான், காரும் வைத்திருக்கிறான். மூன்றுமே எனக்குத் தேவைப்படுகின்றன.

"அத்தான், முதல் நாளே டிரிபலில் இறங்க வேண்டாம், அது 8, 9 சதவீதம் ஏறும் வெளிர் நிற ஸ்ட்ராங் ஏல். நாக்கு பழகட்டும்" என்று அவன் அழைத்துப் போனது டூர் எ டாக்ஸி பகுதியில் இருக்கும் பிராசரி டி லா சென் ஆலைக்கு. ஸ்ட்ராங் பீரைத் தேடி வந்தவனை இங்கே கொண்டுவந்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. இந்த ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்ததே 4.5 சதவீத டராஸ் புல்பா. வெளிர் மஞ்சள், வறண்ட சுவை, ஹாப்ஸ் என்ற கொடிக்காயின் கசப்பு தயவுதாட்சண்யமின்றி முன்னே நிற்கும். இனிப்பையும் ஆல்கஹாலையும் ஏற்றிக்கொண்டே போவதுதான் பெல்ஜிய பீர் என்ற நினைப்புக்கு எதிராகக் கொடி பிடித்தவர்கள் இவர்கள்.

ஆனால் இவர்களிடமும் ஒரு டிரிபல் இருக்கிறது. ஜாம்ப் டி புவா, 8 சதவீதம். 1830 பெல்ஜியப் புரட்சியில் மரக்காலோடு பீரங்கி சுட்ட லியேஜ் நகரத்து ஷார்லியேவின் பட்டப்பெயர் அது. டிரிபலில் நான் எதிர்பார்த்த தேன் வாசனைக்குப் பின்னால் கசப்பு ஒன்று வந்து கணக்கை நேர் செய்துவிட்டுப் போகிறது. இனிப்பு தலையெடுக்கும்போதெல்லாம் கசப்பு அதை உட்கார வைக்கிறது. 8 சதவீதம் குடிக்கிறோம் என்ற உணர்வே வரவில்லை.

இந்த நாட்டில் ஸ்ட்ராங் பீர் இவ்வளவு பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-இல் நீதியமைச்சர் எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம், கஃபேக்களில் ஜெனீவர் போன்ற காய்ச்சி வடித்த மதுவை ஊற்றிக் கொடுப்பதற்குத் தடை போட்டது. கடையில் வாங்குவதென்றால் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும். கூலித் தொழிலாளி கையில் அவ்வளவு பணம் சேர்ந்தாற்போல் இருக்காது என்பது கணக்கு. குடிப்பவன் குடியை விட்டானா? இல்லை, பீர் ஆலையைப் பார்த்தான். ஆலைக்காரர்களும் அவன் மனம் கோணாமல் சதவீதத்தை உயர்த்திக் கொடுத்தார்கள். சட்டம் 1980-களில்தான் விலகியது. அதற்குள் நாட்டின் நாக்கே மாறிவிட்டிருந்தது. மதுவைக் குறைக்கப் போட்ட சட்டம் உலகத்தின் மிகச் சிறந்த ஸ்ட்ராங் பீர்களை வளர்த்துவிட்டதை நினைத்தால் வாண்டர்வெல்டே மீது எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

நாளை புருஜ்.

வெள்ளி, புருஜ்

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். புருஜ் நகரின் பழைய மையப் பகுதி 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அன்றிலிருந்து அதை யாரும் தனியாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கால்வாய்களையும் மணிக்கூண்டையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நேரே வால்பிளைன் சதுக்கத்துக்குப் போனேன்.

அங்கே டி ஹால்வே மான் ஆலை இருக்கிறது. 1856 முதல் ஒரே குடும்பத்தின் கையில். வீட்டு மாடிப்படி போன்ற குறுகிய படிகளில் ஏறி, ஏணி என்றே சொல்லத்தக்க செங்குத்தான படிகளில் இறங்கி, பழைய செப்புக் கொப்பரைகளையும் மால்ட் எனும் முளைகட்டிய பார்லியைக் காய வைத்த அறையையும் பார்க்கலாம். கூரைக்கு மேலே போனால் ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு.

இந்த ஆலையின் பெரிய அதிசயம் கண்ணுக்குத் தெரியாது. பீர் இங்கே காய்ச்சப்படுகிறது. பாட்டிலில் அடைப்பதோ ஊருக்கு வெளியே. நடுவில் இருப்பவை குதிரை வண்டிக்கென்று போட்ட கல் பாவிய தெருக்கள். அவற்றில் டாங்கர் லாரிகள் தினமும் போய்வந்தால் தெருவும் தாங்காது, ஊரும் தாங்காது. 2016-இல் தரைக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்துவிட்டார்கள். இப்போது பீர் அதன் வழியே ஊரைக் கடந்து போகிறது. செலவில் ஒரு பகுதியைப் பொதுமக்களிடம் திரட்டினார்கள். பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் நாளுக்கு ஒரு பாட்டில் பீர். நகைச்சுவை என்று நினைத்துத்தான் கேட்டேன், சுற்றிக்காட்டிய பெண்மணி சிரிக்காமல் தலையாட்டினார்.

கீழே வந்து உட்கார்ந்ததும் ஸ்ட்ராஃபே ஹென்ட்ரிக் டிரிபல், 9 சதவீதம். இந்த ஊர்ச் சதுக்கத்தில் புனித அர்னால்டின் சிலையை நிறுவிய விழாவுக்காக 1981-இல் காய்ச்சத் தொடங்கியது. அர்னால்ட் 1087-இல் பக்கத்து ஊரான அவுடன்பர்கில் இறந்தவர், பீர் காய்ச்சுபவர்களின் காவல் தெய்வம். கொள்ளைநோய்க் காலத்தில் தண்ணீரை விட்டுவிட்டுப் பீர் குடியுங்கள் என்று சொல்லி மக்களைக் காப்பாற்றினார் என்பது கதை. பீருக்கான தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள் என்பதால் அந்தக் கதையில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது. இந்த பீரின் பெயர் நடுவில் வேறு ஆலையிடம் கைமாறிப் போய் 2008-இல் தாய்வீடு திரும்பியது.

கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, பாட்டில் வாய் விளிம்பில் படாமல் மெல்ல ஊற்றுகிறார்கள். பாதி நிறைந்ததும் கோப்பையை நிமிர்த்தி, உயரத்திலிருந்து நடுவில் விடுகிறார்கள். இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழும்பி நிற்கிறது. மெத்தென்று, வெள்ளைவெளேரென்று, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை குலையாத நுரை. பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு பீரை விட்டுவைக்கிறார்கள், ஈஸ்ட் வண்டல் அங்கேதான் படிந்திருக்கும். கலங்கலும் வேண்டும் என்பவர்கள் அதையும் ஊற்றிக்கொள்ளலாம். எனக்கு முதல் கோப்பை தெளிவாக இருக்க வேண்டும்.

மூக்கை நுரைக்கு மேலே கொண்டுபோனபோது முதலில் ஆரஞ்சுத் தோல். அடுத்து மிளகு. கொஞ்சம் பொறுத்தால் பழுத்த வாழைப்பழம் லேசாக, அதன் பின்னால் கிராம்பு. இவற்றில் வாழைப்பழத்தையோ கிராம்பையோ யாரும் கொப்பரையில் போடவில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரையும், கிராம்பு வாசனை தரும் பீனால் சேர்மத்தையும் நொதிக்கும்போது அதுவே உண்டாக்குகிறது. லாகர் ஈஸ்ட் குளிரில் அடங்கி வேலை செய்வது. பெல்ஜிய ஏல் ஈஸ்டை 20 டிகிரிக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். சில ஆலைகளில் 30 டிகிரியைக்கூடத் தாண்டும். வெப்பம் ஏற ஏற எஸ்டர் கூடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆலைக்கு ஆலை கைமணம் மாறுகிறது. அளவு மீறினால் நெயில் பாலிஷ் வாடைதான் மிஞ்சும். அதையும் பெல்ஜிய பாணி என்று சொல்லி விற்ற இடங்களை எனக்குத் தெரியும்.

வாயில் வைத்தால் முதலில் தெரிவது குமிழ்கள். நுண்ணியவை, ஏராளமானவை. பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் புது ஈஸ்டும் சேர்ப்பதால் உள்ளேயே இரண்டாவது முறை நொதித்து உண்டான கரியமில வாயு அது. கனமாக இறங்க வேண்டிய பீரை அந்தக் குமிழ்கள் நாக்கிலிருந்து தூக்கிப் பிடிக்கின்றன. மால்ட்டின் இனிப்பு வருகிறது, நிற்கவில்லை. முடிவில் கசப்பு. ஆல்கஹால் எங்கே என்று தேடினால், விழுங்கிச் சில நொடி கழித்து நெஞ்சில் ஒரு கதகதப்பு மட்டும்.

ஸ்ட்ராங் பீர் எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது என்று சுற்றிக்காட்டிய பெண்மணியிடம் கேட்டேன். "சர்க்கரை" என்றார். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சர்க்கரை போட்டால் இனிக்கத்தானே வேண்டும்? இங்கே நடப்பது தலைகீழ். முழுக்க மால்ட்டிலேயே 9 சதவீதத்துக்குக் காய்ச்சினால், ஈஸ்டால் செரிக்க முடியாத மாவுச்சத்துத் துணுக்குகள் பீரில் தங்கிப்போகும், பீர் தடித்துவிடும். கொப்பரையில் கொதிக்கும்போதே சர்க்கரையைச் சேர்த்தால் ஈஸ்ட் அதைத் துளி விடாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. சதவீதம் ஏறும், கனம் ஏறாது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்யாததால்தான் நான் குடித்த அந்த ஒட்டும் பீர்கள் அப்படி இருந்தன என்று இப்போது புரிகிறது. சர்க்கரை சேர்ப்பது மட்டரகம் என்று நினைத்து முழு மால்ட்டில் பிடிவாதமாகக் காய்ச்சும் ஆலைகளும் உண்டு. நல்ல எண்ணம்தான். பீர்தான் குடிக்க முடியவில்லை.

அதன்பின் அதே பெயரில் 11 சதவீத குவாட்ருபல். அடர் பழுப்பு, உலர்திராட்சை, காரமல், லேசான கருகல். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கோப்பையில் போதும் என்று தோன்றிவிட்டது. "மாப்பிள்ளை, மீதியை நீ முடித்துவிடு" என்றேன். ரயிலில் வந்ததால் அவனுக்கு ஆட்சேபம் இல்லை.

சனி, எசன்

இன்று காரில். பெல்ஜியத்தில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. இங்குள்ள பீரின் பலத்துக்கு அது ஒரு கோப்பையிலேயே கையைக் கடித்துவிடும். மைத்துனன் இன்று மோப்பம் மட்டும் பிடிப்பதாக ஒப்பந்தம். பதிலுக்கு மதியச் சாப்பாட்டுச் செலவு என்னுடையது.

டிக்ஸ்மவுடே அருகில் எசன் ஒரு சிறு கிராமம். மூடிக்கிடந்த பழைய ஆலை ஒன்றை 1980-இல் சகோதரர்கள் சிலர் வாங்கி டி டொலே பிரவுவர்ஸ் என்று பெயர் வைத்து நடத்தத் தொடங்கினார்கள். கிராஃப்ட் பீர் என்ற சொல் உலகம் சுற்றக் கிளம்புவதற்கு முன்பே கிராஃப்ட் பீர் காய்ச்சியவர்கள். கட்டடம் முழுக்கச் சுவரோவியம், மஞ்சள் நிறத்தில் ஈஸ்ட் வடிவப் பொம்மை, செப்புக் கொப்பரை. கொதித்த சாற்றை ஆற வைக்க, அகலமான ஆழமில்லாத திறந்த தொட்டி. இன்றைய ஆலைகள் இதையெல்லாம் காட்சிக்கு வைத்துவிட்டு எஃகு இயந்திரத்தில் வேலையை முடிக்கும். இங்கே அதே தொட்டியில்தான் இன்னும் வேலை.

இவர்களின் ஊர்பியர் 9 சதவீதம், அடர் நிறம். நேற்றைய டிரிபலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செர்ரி, பிளம்ஸ், ஓரத்தில் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. ரோடன்பாக் என்ற புகழ்பெற்ற புளிப்பு பீர் ஆலையிலிருந்து இவர்களுக்கு ஈஸ்ட் வந்துகொண்டிருந்தது. அதில் பாக்டீரியாவும் கலந்திருக்கும். ரோடன்பாக் 1998-இல் கைமாறிய பின் அந்த வரத்து நின்றுபோனது. அப்புறம் இவர்களே சமாளித்துக்கொண்டார்கள். பழைய ஊர்பியரைக் குடித்தவர்கள் இன்னமும் அந்த நாளைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். நான் குடிக்காததால் எனக்குப் பெருமூச்சு இல்லை. கையில் இருந்த கோப்பையே போதும் என்றிருந்தது. இனிப்பைக் கட்டிப்போட நேற்று கசப்பு வந்தது, இன்று புளிப்பு. வழி வேறு, வேலை ஒன்றுதான்.

ஸ்டிலே நாக்ட் என்ற கிறிஸ்துமஸ் பீரையும் கேட்டு வாங்கினேன். 12 சதவீதம். சின்னக் கோப்பைதான். முதல் வாய் தேன், இரண்டாவது வாய் தேன், மூன்றாவது வாயில் தொண்டை கேள்வி கேட்டது. மழைகாலத்து இரவில் கணப்படுப்பு பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வேண்டியதை, நல்ல வெயிலில் மதியம் மூன்று மணிக்குக் குடித்தால் அது என்ன செய்யும்? பீர் மீது குற்றம் இல்லை.

சாயங்காலம் ஈப்ரஸ் வழியாகப் போப்பரிங்கே. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் சாலையின் இருபுறமும் வந்துகொண்டே இருந்தன. காரில் பேச்சு நின்றுவிட்டது.

ஞாயிறு, போப்பரிங்கே – வெஸ்ட்விலேட்டரன்

செப்டம்பர் என்பதால் ஹாப்ஸ் அறுவடை நடக்கிறது. காரின் கண்ணாடியை இறக்கினால் ஊரே மணக்கிறது. பச்சையாக, பிசுபிசுப்பாக, எலுமிச்சைத் தோலும் வெட்டிய புல்லும் கலந்த வாசனை. தோட்டங்களில் உயரமான கம்பங்களுக்கு இடையே கம்பி கட்டி, அதில் கொடி ஏற்றியிருக்கிறார்கள். தென்னங்கன்று உயரம் என்று நினைத்துப் போனேன், மாடிவீட்டு உயரம். ஒரு விவசாயி அனுமதியோடு ஒரு காயைப் பறித்துத் தந்தார். காகித மெல்லிதழ்களை விரித்தால் நடுத்தண்டை ஒட்டி மஞ்சள் பொடி. அதுதான் லுபுலின், கசப்பும் வாசனையும் குடியிருக்கும் இடம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. மதியச் சாண்ட்விச்சில்கூட அந்தக் கசப்பு.

வெஸ்ட்விலேட்டரனின் சிந்த் சிக்ஸ்டஸ் மடம் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1831-இல் தொடங்கியது, 1830-களின் கடைசியிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். டிராப்பிஸ்ட் (கத்தோலிக்கத் துறவியரில் ஒரு பிரிவு) பீர் என்று முத்திரை போட வேண்டுமானால் மடத்துச் சுவர்களுக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் இன்று அந்தத் தகுதியோடு நிற்பவை ஷிமே, ஒர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலே, வெஸ்ட்விலேட்டரன். ஆகல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021-இல் அந்த ஆலை முத்திரையை இழந்தது.

மடத்துக்குள் பார்வையாளர்களுக்கு இடமில்லை. எதிரில் இன் டி வ்ரேடே என்ற கஃபே இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் கூடுகிறார்கள். இவர்களின் பாட்டிலில் நெடுங்காலம் லேபிள்கூட இல்லை. மூடியின் நிறத்தை வைத்தே இது எந்த பீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் மூடி என்றால் '12' என்ற பெயருடைய பீர், ஆல்கஹால் 10.2 சதவீதம். 2005-இல் ஓர் இணையதளத்தில் இது உலகின் முதல் பீராகத் தேர்வானதும் ஊரில் கார்கள் வரிசை கட்டின. துறவிகள் அதற்காகக் காய்ச்சும் அளவைக் கூட்டவில்லை. மடத்துச் செலவுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் தொலைபேசியில் முன்பதிவு. மணிக்கணக்கில் முயன்றாலும் இணைப்புக் கிடைக்காது. 2019 முதல் இணையத்தில் பதிவு. கட்டடச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது 2011-இல் கடைகளுக்குப் பெருமளவில் கொடுத்தார்கள். ஒருவருடைய பீருக்காக உலகமே அலையும்போது "எங்களுக்கு இது போதும்" என்று சொல்வதற்கு எவ்வளவு திடம் வேண்டும்! பீரைவிட அதைத்தான் நான் அதிகம் மெச்சுகிறேன்.

பீர்? 12 மிக நல்ல பீர். அத்திப்பழம், உலர்திராட்சை, கரிய சர்க்கரைப் பாகு. அந்தப் பாகின் வாசனை, கொதித்து இறக்கிய வெல்லப்பாகுக்கு வெகு அருகில் வருகிறது. கோப்பை சற்றுச் சூடேறியதும் இன்னும் விரிகிறது. உலகின் முதல் பீரா என்றால், அந்தப் பட்டத்தில் பாதி வரிசையில் நின்றவர்களின் கால்வலிக்குச் சேர வேண்டியது என்பேன். எனக்கு அதிகம் பிடித்தது பச்சை மூடி ப்ளாண்ட், 5.8 சதவீதம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"அத்தான், இதை இங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள்" என்றான் மைத்துனன். சீஸ் சாண்ட்விச்சும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தக் கவலை.

திங்கள், வாட்டூ

பக்கத்து ஊரான வாட்டூவில் சிந்த் பெர்னார்டஸ் ஆலை. 1946 முதல் 1992 வரை வெஸ்ட்விலேட்டரன் மடத்தின் பீரை விற்பனைக்காகக் காய்ச்சும் உரிமை இவர்களிடம் இருந்தது. மடத்துக் காய்ச்சுநரும் ஈஸ்டும் அங்கிருந்தே வந்தார்கள். உரிமம் முடிந்த பின் தங்கள் பெயரில் அதே வகையைத் தொடர்கிறார்கள். மடமோ இப்போது வெஸ்ட்மாலேயின் ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. ஆக, பழைய ஈஸ்டின் வாரிசு மடத்துக்கு வெளியே இருக்கிறது.

இவர்களின் ஆப்ட் 12-ஐயும் நேற்றுக் கஃபேயில் வாங்கிய 12-ஐயும் இரவு அறையில் எதிரெதிரே வைத்தோம். எது எது என்று எனக்குத் தெரியாமல் மைத்துனன் ஊற்றினான். இரண்டும் பாதாள அறைக் குளிர்ச்சியில், 12 டிகிரி அளவில். ஃப்ரிட்ஜ் குளிரில் கொடுத்திருந்தால் இரண்டுமே வாய் திறந்திருக்காது. வலது கோப்பை வட்டமாக, மசாலா வாசனை தூக்கலாக. இடது கோப்பை வறண்டு, சற்றுக் கூர்மையாக. வலதைத் தேர்ந்தேன். அவனும் அதையே. மூடியைக் காட்டினான்: ஆப்ட், 10 சதவீதம், எந்தக் கடையிலும் வரிசையின்றிக் கிடைப்பது.

செவ்வாய், வெஸ்ட்மாலே

கார் லூவனுக்குப் போய்விட்டது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து பஸ்.

டிரிபல் என்ற வகைக்கே இலக்கணம் வகுத்த இடம் இது. மடம் 1794-இல் வந்தது, பீர் 1836-இல், டிரிபல் 1934-இல். 1956-இல் கலவையைத் திருத்தினார்கள். அதற்குப் பின் கை வைக்கவே இல்லை என்கிறார்கள். வெளிர் மால்ட், சர்க்கரை, முழு ஹாப்ஸ் காய், ஈஸ்ட், தண்ணீர். மசாலாப் பொருள் எதுவும் கிடையாது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டால்தான் பெல்ஜிய பாணி என்று நம்பும் ஆலைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

மடத்துக்கு எதிரே சாலைக்கு அந்தப்பக்கம் கஃபே டிராப்பிஸ்டன். பதினோரு மணிக்கே பாதி மேஜை நிரம்பியிருந்தது. சைக்கிளில் வந்த முதியவர் கூட்டம் ஒன்று ஹெல்மெட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு டிரிபலோடு உட்கார்ந்திருந்தது. 9.5 சதவீதம். என் கோப்பை வந்தது. காலுள்ள அகலக் கிண்ணம், விளிம்பில் பொன் கோடு. நிறம் மங்கிய பொன். நுரை முகட்டில் ஏறி நின்றது.

முதல் வாயில் பேரிக்காய், அடுத்து எலுமிச்சை, அதன்பின் மிளகுபோல் காரம் ஒரு நொடி. நடுவில் மால்ட் மெத்தையாக விரிகிறது, இனிப்பாகிவிடுமோ என்று நினைப்பதற்குள் கசப்பு வந்து முற்றுப்புள்ளி வைக்கிறது. நாக்கு சுத்தமாகக் காலி. அடுத்த வாய்க்குத் தயார். கோப்பையின் உட்புறத்தில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கியது. எத்தனை வாயில் குடித்தீர்கள் என்று வேண்டுமானால் எண்ணிச் சொல்லலாம். கால் மணி நேரம் கழித்து பீர் கொஞ்சம் சூடேறியபோதுதான் தேன் வாசனை வெளியே வந்தது. புருஜ் டிரிபல் இதைவிட மிடுக்கு. பிரஸ்ஸல்ஸ் டிரிபல் இதைவிடக் கசப்பு. எதையும் தூக்கிக் காட்டாமல் எல்லாவற்றையும் உள்ளடக்கியது இதுதான். இந்தச் சுற்றில் என் வாக்கு இதற்கே. மைத்துனன் இன்னும் ஊர்பியர் கட்சி, தொலைபேசியில் வாதாடுகிறான்.

இரண்டாவதாக டபல், 7 சதவீதம், செம்பழுப்பு. டிரிபலுக்குப் பின் குடித்தது அதற்குச் செய்த அநியாயம். அந்த சைக்கிள் முதியவர்களில் ஒருவர் என் தயக்கத்தைப் பார்த்து, டபலையும் டிரிபலையும் பாதிப் பாதி கலந்து கேட்கச் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் அப்படிக் கேட்பதுண்டாம். புனிதமான ஒரு டிரிபலில் இன்னொன்றைக் கலப்பதா என்று மனம் கூசியது. பரிமாறியவரோ கண் இமைக்காமல் இரண்டு பாட்டிலையும் திறந்து ஒரே கிண்ணத்தில் ஊற்றினார். குடித்துப் பார்த்தேன். டபலின் சாக்லேட் வாசனை மேலே, டிரிபலின் கசப்பு கீழே. ஒழுங்காகத்தான் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது நானும் கலப்பேன் என்று நினைக்கிறேன்.

மூட்டை கட்டும் வேலை பாக்கி. 24 சதவீதத்துக்குக் கீழே உள்ள மதுவுக்கு விமானத்தின் சரக்குப் பெட்டியில் ஆபத்துப் பொருள் கட்டுப்பாடு கிடையாது. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு மட்டுமே கணக்கு. டிரிபல்கள் இரண்டு, ஆப்ட் இரண்டு, ஊர்பியர் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள். வீடு போனதும் இருட்டில், நிமிர்த்தி, ஒரு வாரம் அசையாமல் நிற்க வைக்க வேண்டும். குலுங்கிய வண்டல் படிய அவ்வளவு நாளாவது ஆகும். டிரிபலைச் சீக்கிரம் குடித்துவிடலாம், ஹாப்ஸ் வாசனை நாள்பட மங்கிவிடும். ஆப்ட் இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்கும். மனைவி காத்திருப்பாளா என்பதுதான் தெரியவில்லை. தம்பி ஏற்கெனவே அவளிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.